வியாழக்கிழமைப் பெண்கள்

இன்னைக்கு எபிசோடை ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கலாம். 1956 ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்காவோட பிரிட்டோரியா நகரம். கறுப்பினப் பெண்களும் இனிமே பாஸ் புத்தகம் வச்சிருக்கணும்னு அரசாங்கம் சொல்லுது. அதை எதிர்த்து சுமார் 20,000 பெண்கள் அரசுத் தலைமையகமான யூனியன் கட்டடத்துக்குப் போய், அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாம நின்னாங்க. இந்தக் கதை உங்கள்ல சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பேச வந்தது அதுல இருக்கிற ஒரு சின்ன விஷயத்தைப் பத்தி. அன்னைக்கு வியாழக்கிழமை.

ஏன் வியாழன்? வெள்ளைக்காரங்க வீட்டுல வேலை பார்த்த பெண்களுக்கு வழக்கமா லீவு கிடைக்கிற நாள் அது. சரி, அந்த லீவுல அவங்க என்ன பண்ணுவாங்க? அதுக்கு முன்னாடி அரை நூற்றாண்டா ஏராளமான பெண்கள் செஞ்சது இதுதான்: சீருடை போட்டுக்கிட்டு, சபைக்குப் போய், ஒண்ணா உட்கார்ந்து வேதம் படிச்சு ஜெபம் பண்றது. இதுக்குப் பேரு 'மன்யானோ'. கோசா மொழியில ஒண்ணு சேருறதுன்னு அர்த்தம். நம்ம ஊர் சி.எஸ்.ஐ. சபைகள்ல 'பெண்கள் ஐக்கிய சங்கம்'னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே பேரு.

1900-களோட முதல் பத்து வருஷத்துல மெதடிஸ்ட் சபைகள்ல இது வேர் பிடிக்குது. போட்செஃப்ஸ்ட்ரூம்ங்கிற ஊர்ல ஒரு கறுப்பினப் போதகரோட மனைவி பெண்களைக் கூட்டி ஜெபம் பண்ண ஆரம்பிச்சது, இதோட தொடக்கக் கதைகள்ல ஒண்ணு. இன்னொரு பக்கம், நாட்டால் பகுதியில அமெரிக்க மிஷன் சபைகள்ல 1912 வாக்குல 'இசிலிலோ'ன்னு ஒரு அமைப்பு வருது. இசிலிலோன்னா ஜூலு மொழியில புலம்பல், ஒப்பாரி. பேரையே அப்படித்தான் வச்சுக்கிட்டாங்க!

இங்கதான் எனக்கு சுவாரசியமான இடம். மிஷனரிகள் மனசுல இருந்த திட்டம் வேற. தையல் கத்துக்கொடுக்கணும், வீட்டைச் சுத்தமா வச்சுக்கச் சொல்லணும், நல்ல கிறிஸ்தவ மனைவியா ஆக்கணும். டெபோரா கெய்ட்ஸ்கெல்ங்கிற வரலாற்றாசிரியர் இந்தப் பெண்களைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. அதுல திரும்பத் திரும்ப வர்ற விஷயம், இந்தப் பெண்களுக்குத் தையலைவிட ஜெபமும் பிரசங்கமும்தான் வேண்டியிருந்ததுங்கிறது. அதுக்கு மிஷனரியோட துணையும் தேவைப்படலை. முழு பைபிள் கோசா மொழியில 1859-லயும், ஜூலுவுல 1883-லயும் வந்தாச்சு. புத்தகம் அவங்க தாய்மொழியிலேயே கையில இருந்துச்சு.

இப்போ ஒரு சின்ன கிராமத்தை நினைச்சுக்கோங்க. ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் ஜொஹானஸ்பர்க் பக்கம் தங்கச் சுரங்கத்துக்குப் போயிட்டாங்க. மாசக்கணக்குல வரமாட்டாங்க. போதகரோ ஒரே ஆள் பல கிராமத்து சபைகளைப் பார்த்துக்கிறவர், எப்பவாவதுதான் வருவார். அப்போ வாரா வாரம் அந்த சபை உயிரோட இருக்கணும்னா அது பெண்கள் கையிலதான்.

கூட்டம் நடக்கிற விதம் நம்ம வகுப்பு மாதிரி இருக்காது. ஒரு பாட்டு. எழுத்துத் தெரிஞ்ச ஒருத்தர் வசனத்தைச் சத்தமா வாசிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து, அந்த வசனம் தன் வாழ்க்கையில எங்க தைக்குதுன்னு சொல்லுவாங்க. புருஷன் அனுப்பாத பணம், செத்துப்போன குழந்தை, வழி தவறின மகன், எல்லாமே அங்க பேச்சுதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் காதால கேட்ட வசனத்தை மனசுல வச்சு அருமையாப் பேசுவாங்க. கடைசியில எல்லாரும் ஒரே நேரத்துல, வாய்விட்டு, அழுது ஜெபம். இதுல தலைவியோட வேலை பாடம் எடுக்கிறது இல்லை. எல்லாருக்கும் பேச இடம் கிடைக்கிற மாதிரி கூட்டத்தை நடத்துறதுதான்.

அந்த அழுகை பல மிஷனரிகளுக்குப் பிடிக்கலை. உணர்ச்சிவசப்படுறாங்க, ஒழுங்கில்லைன்னு குறைப்பட்டாங்க. எனக்கு இங்க பைபிள்ல வர்ற அன்னாள் ஞாபகம் வருது. குழந்தை இல்லாத அன்னாள் ஆலயத்துல மனங்கசந்து அழுது ஜெபம் பண்ணுவா. பக்கத்துல இருந்த ஆசாரியன் ஏலி அவ குடிச்சிருக்கான்னு நினைச்சுக்குவார். பெண்ணோட ஜெபத்தை அதிகாரத்துல இருக்கிறவர் தப்பாப் புரிஞ்சுக்கிறது அவ்ளோ பழைய கதை.

ஆனா இதை முழுக்க விடுதலைக் கதையாச் சொன்னா அது பொய்யாயிடும். மெதடிஸ்ட் மன்யானோவுக்கு சிவப்பு மேல்சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. கிறிஸ்துவோட ரத்தம், பாவம், பரிசுத்தம்னு ஒவ்வொரு நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. அதை எல்லாரும் போட்டுட முடியாது. முறைப்படி கல்யாணம் ஆகியிருக்கணும். கல்யாணம் ஆகாம அம்மா ஆனவங்க வெளியில நிக்கணும். மகள் தவறினா அம்மாவுக்கும் அவமானம். தலைமையும் பெரும்பாலும் போதகரோட மனைவிக்குத்தான். புருஷனோட பதவியால வர்ற தலைமை அது. யாருக்கு ஆறுதல் ரொம்பத் தேவையோ, அவங்களுக்கே கதவு மூடியிருந்துச்சு.

அப்போ இந்தக் கூட்டங்கள் அரசியலுக்கு உதவுச்சா, இல்ல பெண்களை அரசியல்ல இருந்து விலக்கி வச்சுச்சா? ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு. நான் பார்க்கிறது இதை: கூட்டத்துக்கு முன்னாடி எழுந்து பேசுறது, காசு சேர்த்துக் கணக்கு வைக்கிறது, வெளியூருக்குச் சேர்ந்து போறது, இதெல்லாம் அந்தப் பெண்களுக்கு வேற எங்கயும் சுலபமாக் கிடைக்காத பயிற்சி. 1913-ல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்ல பெண்கள் பாஸை எதிர்த்து ஜெயிலுக்குப் போனாங்க. நம்ம தில்லையாடி வள்ளியம்மை தென்னாப்பிரிக்காவுல சிறை போன அதே வருஷம். 1956-ல் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கும், அந்த நாள் ஏற்கெனவே பெண்கள் கூடுற நாள்னு தெரியாம இருந்திருக்காது.

சபைக்குள்ள மாற்றம் இன்னும் மெதுவாத்தான் வந்துச்சு. தென்னாப்பிரிக்க மெதடிஸ்ட் சபை முதல் பெண் போதகரை நியமிச்சது 1976-ல். அந்த சபையோட தலைமைப் பேராயரா ஒரு பெண், பியூரிட்டி மலிங்கா, தேர்வானது 2019-ல். வாரா வாரம் வசனத்தை விளக்கிப் பேசுன பெண்கள் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இருந்தாங்க. அதைப் பிரசங்கம்னு ஒத்துக்கத்தான் சபைக்கு இவ்ளோ நாள் ஆச்சு.

உங்க பாட்டியோ அம்மாவோ போற ஜெபக் கூட்டம், பஜனை, மகளிர் குழு எதுவா இருந்தாலும், அங்க யார் பேசுறாங்க, யாருக்கு உள்ள இடமில்லைன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.