காட்டில இருந்து வளவுக்கு: மலிவு செயின்சோவின் சரித்திரம்

1968இல் லண்டன் மாநகர நிர்வாகம் தன்னுடைய பழைய பாலத்தை விலைக்குப் போட்டது. 1831இல் திறந்த கல்லுப் பாலம். மெல்ல மெல்ல தேம்ஸ் ஆற்றுக்குள்ள புதைஞ்சு கொண்டிருந்தது. அதை 24 லட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு வாங்கி, கல்லுக் கல்லாகக் கழற்றி, கப்பலில் ஏற்றி, அரிசோனாப் பாலைவனத்தில் திரும்பக் கட்டியவர் ஒரு அமெரிக்கர். பெயர் ரொபேர்ட் மக்கலக். எண்ணெய், காணி எண்டு பல தொழில் செய்தவர்தான். ஆனால் சனம் அவரை அறிஞ்சது செயின்சோக்காரராகத்தான். பாலம் போய் நிண்ட லேக் ஹவாசு நகரமே அவருடைய செயின்சோத் தொழிற்சாலையை நம்பி எழும்பின ஊர்.

மரம் அரியிற மெசினில இவ்வளவு காசா எண்டு கேக்கலாம். காட்டில வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும் வித்திருந்தால் வந்திருக்காது. வீட்டுக்காரருக்கு விக்கலாம் எண்டு கண்டுபிடிச்ச பிறகுதான் அந்தத் தொழில் இப்பிடி வீங்கினது. வருசத்தில ரெண்டு தரம் கொப்பு வெட்டுற ஒரு ஆளுக்கு, காட்டு மெசின் ஒண்டை மலிவாகக் கொடுத்தால் என்ன நடக்கும்? இந்தப் பரிசோதனை அமெரிக்காவில் 1970களில் மிகப் பெரிய அளவில் நடந்தது. இண்டைக்கு எங்கட ஊர் ஹாட்வெயார் கடைகளிலும் ஒன்லைனிலும் பெயர் தெரியாத வாள்களைப் பார்த்து விலை கேக்கிற எங்களுக்கு அந்தச் சரித்திரம் தேவைப்படுது.

இதில் நாங்கள் கேக்கிற கேள்வி ஒண்டுதான். விலை குறைஞ்சு கொண்டே வந்தது, சரி. அந்தக் குறைஞ்ச காசை ஆர் கட்டினது?

46 கிலோவில இருந்து 5 கிலோவுக்கு

பெற்றோலில் ஓடும் சங்கிலி வாள் ஜேர்மனியில் பிறந்தது. 1927இல் துரிங்கியாப் பகுதியிலுள்ள டொல்மார் மலையில் எமில் லெர்ப் என்பவர் ஒன்றைப் பரிசோதித்தார். மலையின் பெயரே பிறகு கம்பனியின் பெயராகியது. 1929இல் அன்ட்ரியாஸ் ஸ்டீல் தன்னுடைய பெற்றோல் வாளை வெளியிட்டார். நிறை 46 கிலோ. ஒரு சீமெந்துப் பைக்குக் கொஞ்சம் குறைய. ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் பிடிச்சால்தான் மரம் தறிக்கலாம். அந்த மெசினை வளவுக்குள்ள கொண்டுவர ஒருத்தரும் கனவிலும் நினைச்சிருக்க மாட்டினம்.

நிறையை இறக்கியது ஒரு தனி ஆளின் மூளை இல்லை. அலுமினியம், மக்னீசியம் போன்ற இலேசான உலோகங்களை வார்க்கும் தொழில் இரண்டாம் உலகப் போரோடு வளர்ந்திருந்தது. அடுத்தது கார்பரேற்றர். பழைய கார்பரேற்றருக்குள் ஒரு சின்ன மிதவை இருக்கும். வாளைச் சரிச்சுப் பிடிச்சால் பெற்றோல் ஒழுங்காகப் போகாது, எஞ்சின் நிண்டிடும். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்த கார்பரேற்றர் வந்ததும், வாளை எந்தப் பக்கம் திருப்பினாலும் எஞ்சின் ஓடியது. இந்தச் சவ்வை ஞாபகம் வைச்சிருங்கோ, திரும்ப வரும்.

மூன்றாவது மாற்றம் சங்கிலியில். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரம் தறித்த ஜோசப் கொக்ஸ், 1946இல் ஒரு மரக்குற்றியைத் தின்றுகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது தன் ரெண்டு தாடைகளாலும் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிச் சீவி முன்னேறியது. அதே மாதிரி இடம் வலம் மாறி மாறிச் சீவும் பற்கள் கொண்ட சங்கிலியை அவர் செய்து, 1947இல் விற்கத் தொடங்கினார். இண்டைக்கு உலகத்தில ஓடுற சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்தப் புழுவின்ர வாரிசுகள்தான்.

1949இல் மக்கலக்கின் ஒரு வாள் 25 இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 11 கிலோவுக்கு வந்துவிட்டது. 1960களில் ஹோம்லைட் கம்பனியின் எக்ஸ்.எல்.-12 வந்தது, பாரும் சங்கிலியும் இல்லாமல் 12 இறாத்தல், ஐந்தரைக் கிலோ. (பார் எண்டது சங்கிலி சுத்தி ஓடுற நீளத் தகடு.) ஒரு பச்சைப் பிள்ளையைத் தூக்குற பாரம்தான். இனி யாரும் தூக்கலாம். யாருக்கும் விக்கலாம்.

விறகுக்குத் திரும்பின அமெரிக்கா

1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. பனிக்காலத்தில் எண்ணெயால் வீட்டைச் சூடாக்கும் அமெரிக்கர்களுக்கு அது நேரடியாக வயிற்றில அடிச்சது. 1979இல் இரண்டாவது அடி. விறகு அடுப்புகள் திரும்ப வீட்டுக்குள் வந்தன. விறகுக்கு மரம் வேணும், மரத்துக்கு வாள் வேணும். கம்பனிகள் ஏற்கெனவே வீட்டுக்காரருக்கெண்டு சின்ன வாள்களைத் தயாராக வைச்சிருந்தன. மக்கலக்கின் "மினி மக்" வரிசை, ஹோம்லைட்டின் குட்டி எக்ஸ்.எல்.கள், லூசியானாவில் 1940களில் தொடங்கிய பூலானின் சின்ன வாள்கள் எண்டு அடுக்கிக் கொண்டே போகலாம். சியர்ஸ் எண்ட பெரிய கடைத்தொடர் க்ராஃப்ட்ஸ்மன் எண்ட தன் சொந்தப் பெயரில் வித்த வாள்களில் பல, உண்மையில் பூலான் செய்தவை.

இந்த இடத்திலதான் முதல் பில்லைக் கட்ட வேண்டி வந்தது. அதுவரை வாளை வித்தது அதைத் திருத்தத் தெரிஞ்ச கடைக்காரர். அவர் வாளைப் பூட்டி, ஸ்ராட் பண்ணி, சங்கிலி இறுக்கம் பார்த்து, எப்பிடி அரம் பிடிச்சுப் பல்லுத் தீட்டுறது எண்டு காட்டித்தான் கையில தருவார். பெரிய கடைத்தொடரில் வாள் ஒரு பெட்டி. சட்டைக்கும் சப்பாத்துக்கும் பக்கத்தில இருக்கும். காசைக் குடுத்தால் தூக்கிக் கொண்டு போகலாம். விலையில் இருந்து முதலில் கழிக்கப்பட்டது ஒரு உதிரிப்பாகம் இல்லை, ஒரு வாத்தியார்.

வாத்தியார் இல்லாத வீட்டுக்காரருக்கு என்ன நடந்தது எண்டதை, மலிவு வாள் வைச்சிருந்த ஆக்கள் நாடு விட்டு நாடு ஒரே மாதிரித்தான் சொல்லுவினம். இது ரெண்டு அடி எஞ்சின்; பெற்றோலோடு தனி ஒயில் கலக்க வேணும். ஒரு லீற்றருக்கு 20 தொடக்கம் 40 மில்லிலீற்றர் வரை, கையேட்டில் எது எழுதியிருக்கோ அது. மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற மாதிரி வெறும் பெற்றோல் ஊத்தினவரின் பிஸ்ரன் சில நிமிசத்தில் சிலிண்டரோடு ஒட்டிச் செத்தது. சரியாகக் கலந்தவர், வேலை முடிய மிச்சப் பெற்றோலோடு மூலையில வைச்சார். மாதக்கணக்கில் பெற்றோல் பிசினாகி, அந்தச் சவ்வு விறைச்சு, அடுத்த முறை கயிறு இழுத்து இழுத்துக் கைதான் நொந்தது. 2005 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கப் பெற்றோலில் எதனோல் கலப்பது பரவியது. எதனோல் ஈரத்தை உறிஞ்சும், பழைய றப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். தொல்லை இன்னும் கூடினது.

இதில ஒரு முரண் இருக்கு. மலிவு வாள் யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவர்தான் அதை மிகவும் கெடுக்கிற விதத்தில் பாவிக்கிறார். தினமும் ஓடுற மெசினுக்குப் புதுப் பெற்றோல் போகும், தினமும் ஒருத்தர் துடைப்பார், பல்லைத் தீட்டுவார். வருசத்தில ரெண்டு நாள் ஓடுற மெசினுக்கு மிச்ச 363 நாளும் நோய்தான்.

காயங்கள் எழுதின சட்டம்

இரண்டாவது பில் இரத்தத்தில் கட்டப்பட்டது. பாரின் நுனியிலுள்ள மேல்பாதி எதிலாவது முட்டினால், சங்கிலி வெட்டுறதுக்குப் பதிலாக முழு வாளையும் மேலே, பின்னுக்கு, பிடிச்சிருக்கிற ஆளின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எறியும். கண் இமைக்கிற நேரம்கூட எடுக்காது. கையால மறிக்கலாம் எண்டது கனவு. காட்டுத் தொழிலாளிக்கு இது தெரியும், நுனியை எங்க வைக்கக் கூடாது எண்டும் தெரியும். பெட்டியில் வாங்கின ஆளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

1970களின் தொடக்கத்தில் ஸ்டீல், ஹஸ்க்வர்னா போன்ற கம்பனிகள் சங்கிலியை உடனே நிறுத்தும் தடையைக் கொண்டு வந்தன. முன்கைப்பிடிக்கு முன்னால நிக்கிற அந்த மடல் அதுதான். ஆனால் அது விலையைக் கூட்டும். மலிவு வாள்களில் பல அது இல்லாமலேயே தொடர்ந்து விற்கப்பட்டன. 1972இல் உருவான அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு இந்தக் காயங்களைக் கையில் எடுத்தது. இழுபறிக்குப் பிறகு 1985இல், வாள் எவ்வளவு எகிறலாம் எண்டதுக்கு வரையறை வைத்த தர விதி வந்தது. எகிறலைக் குறைக்கும் சங்கிலி, ஒடுங்கின நுனியுள்ள பார், சங்கிலித் தடை எல்லாம் வீட்டு வாளுக்குச் சாதாரணமாகின. இண்டைக்கு எங்கட கையில இருக்கிற வாளில அந்த மடல் இருக்கெண்டால், அதுக்குப் பின்னால பெயர் தெரியாத பலரின் தழும்பு இருக்கு.

பெயர் மிஞ்சியது, தொழிற்சாலை போயிற்று

மூன்றாவது பில்லைக் கம்பனிகளே கட்டின. எல்லாரும் விலையைக் குறைச்சு ஓட, ஒருத்தருக்கும் இலாபம் மிஞ்சேல்லை. ஹோம்லைட் 1994இல் ஜோன் டியர் கம்பனிக்குப் போய், பிறகு ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட ரீ.ரீ.ஐ. குழுமத்திடம் போனது. மக்கலக் 1999இல் வங்குரோத்தாகி, வட அமெரிக்க வியாபாரம் ஒரு தாய்வான் கம்பனிக்கும் ஐரோப்பிய வியாபாரம் ஹஸ்க்வர்னாவுக்கும் எண்டு பிரிஞ்சது. லண்டன் பாலத்தை வாங்கின பெயர் ஒரு ஸ்ரிக்கராக மிஞ்சியது.

வாளும் மாறியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக கார்பரேற்றர் திருகாணிகளுக்கு மூடி வந்தது. அதைத் திருப்பத் தனி ஆயுதம் வேணும். திருத்துற கூலி வாளின் விலையைத் தாண்டியது. "இதைத் திருத்துறதிலும் புதுசு வாங்கலாம்" எண்ட வசனம் பிறந்தது.

பிறகு சீன வாள்கள். 5200, 5800 எண்டு எண்களாலேயே அறியப்படுகிற ஒரே உருவம், நூறு பெயரில், நூறு நிறத்தில். உறையில் ஒட்டியிருக்கிற சீ.சீ. கணக்கை நம்பேலாது எண்டது கழற்றி அளந்து பார்த்த ஆக்களின் பொதுவான அனுபவம். ஒண்டு வருசக்கணக்கில ஓடும், அதே பெட்டியில வந்த மற்றது முதல் நாளே நிண்டிடும். ஆனாலும் ஒரு நல்லதும் நடந்தது. எல்லாம் ஒரே அச்சு எண்டதால கார்பரேற்றர் தொடக்கம் சிலிண்டர் வரை மலிவாக எடுக்கலாம். மலிவு அழிச்ச திருத்துகிற பழக்கத்தை, இன்னும் மலிவான ஒண்டு பாதி திருப்பித் தந்தது.

எங்கட பக்கம்

இலங்கையில் இந்த மெசினை வீட்டுச் சாமான் எண்டு அரசாங்கம் பார்க்கேல்லை, காட்டுக்கு ஆபத்து எண்டுதான் பார்த்தது. அது பிழையான பார்வையும் இல்லை. 2019இல் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன காடழிப்பைக் காரணம் காட்டி செயின்சோ இறக்குமதிக்குத் தடை எண்டு அறிவித்தார். வைத்திருக்கிற வாள்களைப் பதியச் சொல்லியும் அறிவித்தல் வந்தது. சொந்த வளவில நிண்டாலும் பலா, பெண் பனை போன்ற மரங்களைத் தறிக்க அனுமதி எடுக்க வேணும் எண்டது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த கட்டுப்பாடு.

மரத்துக்குச் சட்டம் இருக்கு. வாள் பிடிக்கிற ஆளுக்கு? சாரத்தை மடிச்சுக் கட்டி, ரப்பர்ச் செருப்போடு, கண்ணாடியும் இல்லாமல் கூலிக்கு மரம் தறிக்கிற அண்ணைமாரை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறம். பெரும்பாலும் அவையும் பெட்டியைப் பிரிச்சுத் தாங்களாகப் பழகின ஆக்கள்தான். அமெரிக்க வீட்டுக்காரர் 1970களில் கட்டின பில்லை, இங்க நாட்கூலிக்காரர் கட்டுறார்.

ஆகவே வாங்க நினைக்கிற ஆக்களுக்கு இந்தச் சரித்திரத்தில இருந்து சிலது. கடையில வைச்சே ஸ்ராட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. மடலை முன்னுக்குத் தள்ளினதும் சங்கிலி நிக்குதா எண்டு பாருங்கோ. நிக்காத வாள் எவ்வளவு மலிவெண்டாலும் வேண்டாம். வெட்டேக்க சீவல் வராமல் மாவாக வந்தால் பல் மழுங்கிட்டுது, அழுத்தாமல் அரத்தை எடுங்கோ. வேலை முடியப் பெற்றோலை ஊத்திவிட்டு, மிச்சமும் எரியும் வரை ஓட விடுங்கோ. கண்ணாடியும் சப்பாத்தும் வாளின் விலையோட சேர்ந்த செலவு எண்டு கணக்குப் போடுங்கோ.

இன்னொரு யோசனை: வீட்டுக்கு ஒண்டு வேண்டாம், ஒழுங்கைக்கு ஒண்டு காணும். அஞ்சாறு வீட்டுக்குப் பொதுவாக ஒரு நல்ல வாளை வாங்கி, அதை ஒழுங்காகப் பழகின ஒரு ஆளிட்ட குடுத்து வைச்சால், வாளும் அடிக்கடி ஓடும், பெற்றோலும் பழசாகாது. பெட்டியில வராமல் போன அந்த வாத்தியாரும் ஒழுங்கையிலேயே இருப்பார்.