மல்பெரி மரபணுவின் பணியை எங்கே அளப்பது?

ஆரணி நெசவாளர் பாவுக்கு நூல் எடுக்கும்போது இழையின் சீரையும் வலுவையும் பார்க்கிறார். இரண்டும் புழுவின் இனத்தையும் அது தின்ற மல்பெரி இலையையும் பெரிதும் பொறுத்தவை. ஆகவே மல்பெரி மரபணு ஒன்றின் பணி என்ன என்ற கேள்விக்குச் செடியை மட்டும் பார்த்துச் சொல்லும் விடை பாதி விடையே. மறுபாதியைப் புழுவிடம்தான் கேட்க வேண்டும்.

2013-இல் சீன ஆய்வாளர்கள் மோரஸ் நோட்டபிலிஸ் என்னும் மல்பெரி இனத்தின் மரபணுத்தொகுதியை வெளியிட்டு, அதில் 29,338 மரபணுக்கள் இருப்பதாகக் கணித்தனர். நம் கே-2 இரகத்தின் பசுங்கணிக மரபணுத்தொகுதியைத் தில்லிப் பல்கலைக்கழகத்தினர் 2006-இலேயே முழுமையாகப் படித்திருந்தனர். ஆனால் வரிசை தெரிவது வேறு, வேலை தெரிவது வேறு. மல்பெரி மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று தரப்படும் பணிப்பெயர்கள், ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸ் போன்றவற்றோடு ஒப்பிட்டுக் கடன் வாங்கியவை. அராபிடாப்சிஸில் பெரும்பாலான மரபணுக்களுக்கு, அவற்றை முடக்கிய விதையைச் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்துவிடலாம். மல்பெரியோ மரம், ஆண், பெண் பெரும்பாலும் தனித்தனி, குச்சி நட்டே பெருக்குகிறோம். கறுப்பு மல்பெரியில் குரோமோசோம்கள் 308. அதில் ஒரு மரபணுவின் எல்லாப் படிகளையும் முடக்குவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

எனவே கைக்கெட்டும் கருவிகள் சிலவே. ஆர்.என்.ஏ. வரிசையறிதல், வறட்சியில் எந்த மரபணு ஓங்குகிறது என்று காட்டும். அது காரணமா விளைவா என்று காட்டாது. வைரஸைக் கொண்டு மரபணுவைத் தற்காலிகமாக அடக்கும் முறை விரைவானது, ஆனால் அடக்கம் இலைக்கு இலை வேறுபடும். நம் நாட்டில் அதிகம் பலன் தந்தது மிகைவெளிப்பாடு, அதாவது ஒரு மரபணுவைக் கூடுதலாக இயங்கவைப்பது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பரம்ஜித் குரானா குழுவினர் பார்லியின் எச்.வி.ஏ.1 மரபணுவைக் கே-2 மல்பெரியில் புகுத்தி, அது உப்பையும் வறட்சியையும் தாங்குவதை 2008-இல் காட்டினர். 2011-இல் ஆஸ்மோட்டின் மரபணுவை ஏற்றியபோது இன்னும் ஒரு படி போனார்கள்: இலையைப் பட்டுப்புழுக்களுக்கே கொடுத்து, கேடில்லை என்று பார்த்தார்கள். என் மதிப்பீட்டில் அந்த ஒரு சோதனைதான் அந்த ஆய்வின் முதுகெலும்பு.

புழு ஏன் இவ்வளவு முக்கியம்? மல்பெரி இலையில் ஊறும் பாலில் சர்க்கரையைப் போல வேடமிடும் ஆல்கலாய்டுகள் உள்ளன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியபடி, எரிப் பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்றால் சாகும். பாலை நீக்கிவிட்டால் தப்பிக்கும். நம் மல்பெரிப் புழுவுக்கு அந்த நஞ்சு உறைப்பதில்லை. இலைச்சுருட்டுப் புழுவை விரட்ட இந்த ஆல்கலாய்டு மரபணுக்களை ஒருவர் முடுக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு வெற்றி. பட்டுப்புழுவின் தாங்குதிறனுக்கு எல்லை எது என்பதைச் செடிச் சோதனை சொல்லாது. எதிர்ப்பக்கத்திலும் இதே பாடம்: 2019-இல் புழுவின் ஜி.ஆர்.66 என்னும் கசப்புணர் மரபணுவைக் கிறிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் முடக்கியதும், அது மல்பெரி மோகத்தை விட்டுப் பழங்களையும் தானியங்களையும் கூடத் தின்றது. இலையும் நாக்கும் ஒன்றுக்கொன்று பூட்டப்பட்டவை.

கிறிஸ்பர் வந்துவிட்டதே, இனி எளிது என்பார் உண்டு. 2022 மார்ச் 30-ஆம் நாள் சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல் டி.என்.ஏ. இல்லாத எஸ்.டி.என்.-1, எஸ்.டி.என்.-2 வகை மரபணுத் திருத்தங்களை, மரபணு மாற்ற உயிரிகளுக்கான 1989 விதிகளின் சில பிரிவுகளிலிருந்து விலக்கியது. 2025-இல் கமலா, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற இரு நெல் இரகங்கள் அறிவிக்கப்பட்டன. ஆனால் நெல்லில், திருத்தம் செய்த கருவியின் டி.என்.ஏ.வை அடுத்த தலைமுறையில் தன்மகரந்தச் சேர்க்கையால் கழித்துவிடலாம். குச்சியால் பெருக்கும் வி-1 இரக மல்பெரியைக் கலப்புக்கு உட்படுத்தினால் கருவி கழியும், பண்புகள் கலைந்து வி-1-உம் கழிந்துவிடும். செல்சுவர் நீக்கிய செல்லான புரோட்டோபிளாஸ்டில் புரதமாகவே கருவியைச் செலுத்தி, அதிலிருந்து முழுச்செடியை மீட்கும் முறை கைகூடாதவரை, அந்தச் சலுகை மல்பெரிக்கு ஏட்டளவில்தான்.

ஆய்விதழ்களும் நிதி வழங்குவோரும் ஒரு நிபந்தனை வைக்கலாம். புழு தன் வாழ்நாள் இலையில் 80 விழுக்காட்டுக்கு மேல் தின்பது ஐந்தாம் பருவத்தில். அந்தப் பருவம் முழுதும் சோதனை இலையை ஊட்டி, கூட்டை நூற்று, இழையின் நீளத்தையும் டெனியரையும் (பருமன் அளவு) தரட்டும். அவை இல்லாத மல்பெரிக் கட்டுரையில் ‘பணி கண்டறியப்பட்டது’ என்று எழுத அனுமதிக்க வேண்டாம். ‘செடியளவில் கண்டது’ என்று எழுதினால் போதும்.