எஞ்சின் குளிர்விப்பு: வெப்ப உணரியும் பழுதறிதலும்

கார் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குளிர்விப்பு அமைப்பின் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. அவ்வமைப்பில் ஓடும் கூலண்ட் எனும் குளிர்விப்பு நீர்மத்தின் சூட்டை எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிப்பது வெப்ப உணரி. பட்டறை வழக்கில் டெம்பரேச்சர் சென்சார். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், அழுத்த மூடி, மின்விசிறி ஆகியவை மற்ற உறுப்புகள்.

வரலாறு

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. உருளையைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோயிற்று. 1888இல் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்ற அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், வழிநெடுக நீர் ஊற்ற வேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்த்தவர் பொறியாளர் வில்ஹெல்ம் மாய்பாக். 1900 இறுதியில் உருவான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்கு, 6 மி.மீ. சதுரக் குறுக்குவெட்டுள்ள 8,070 சிறுகுழாய்களாலான தேன்கூட்டு ரேடியேட்டரை அவர் அமைத்தார். 9 லிட்டர் நீரே அதற்குப் போதுமாயிருந்தது. ஃபோர்டு மாடல் டி (1908–1927) தொடக்கத்தில் வாட்டர் பம்புடன் வந்தது. விரைவில் அது கைவிடப்பட்டு, சூடான நீர் தானே மேலெழும் இயல்பைக் கொண்டே நீர் சுழன்றது.

சூட்டை ஓட்டுநர் கண்ணால் காணச் செய்தது பாய்ஸ் மோட்டோமீட்டர். 1912இல் காப்புரிமை பெற்ற இந்த வெப்பமானி ரேடியேட்டர் மூடியின் மேல் நின்றது. அது அளந்தது நீரை அன்று, நீருக்கு மேலிருந்த ஆவியை. கூலண்டில் சேரும் எத்திலீன் கிளைக்கால் 1920களில் பரவியது; மெழுகு உருகி விரிவதால் திறக்கும் தெர்மோஸ்டாட் 1930களில் உருவானது.

இன்றைய உணரிக்கு அடிப்படையான பண்பை, அதாவது சூடு ஏறும்போது மின்தடை குறைவதை, மைக்கேல் ஃபாரடே 1833இல் வெள்ளி சல்ஃபைடில் கண்டார். 1967இல் வந்த பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மின்னணு எரிபொருள் பீய்ச்சல் முறை, எஞ்சின் சூட்டுக்கேற்ப எரிபொருளைக் கூட்டிக் குறைத்தது.

செயல்படும் முறை

கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தந்து, உணரியின் தடையால் அது எவ்வளவு மாறுகிறது எனப் பார்க்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் தடை 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம். 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டி நிற்கும்.

பழுதறிதல்

இரவு முழுதும் நின்ற காரில் ஸ்கேனர் காட்டும் கூலண்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க வேண்டும். உணரியின் இணைப்பைக் கழற்றினால் பல கார்களில் மைனஸ் 40 டிகிரி காட்டும். இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் அளவு உச்சத்துக்கு ஏறும். இப்படி மாறினால் கம்பியும் கணினியும் நலம், பழுது உணரியில்தான். ஸ்கேனரில் வரும் பி0118 பழுதுக் குறியீடு உணரியின் அறுந்த சுற்றையும், பி0117 குறுக்குச் சுற்றையும் குறிக்கும். கூலண்ட் உரிய சூட்டை எட்டவில்லை எனும் பி0128 வந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டையே ஐயுற வேண்டும்.

நெரிசலில் மட்டும் சூடேறி நெடுஞ்சாலையில் தணிந்தால் விசிறி, அதன் ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்ப் பழுது. மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காதிருக்கலாம். ரேடியேட்டரில் ஓயாத குமிழிகள், வெண்புகை, பால்போன்ற எண்ணெய் ஆகியவை ஹெட் கேஸ்கெட் பழுதைக் காட்டும். கூலண்ட் மட்டம் இறங்கி உணரியின் முனை வெளியே தெரிந்தால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் அளவு குறைவாகவே காட்டும். ஆகவே மட்டத்தைப் பார்த்த பின்னரே எண்ணை நம்ப வேண்டும்.

வெப்ப நாட்டில் தெர்மோஸ்டாட் வேண்டாமென்று கழற்றிவிடும் பட்டறை வழக்கம் தவறானது. எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருள் வீணாவதுடன் தேய்மானமும் கூடும்.

இன்று மின்சாரக் கார்களிலும் பேட்டரியைக் காக்கக் கூலண்டும் வெப்ப உணரிகளும் பயன்படுகின்றன.