மெய்நிகர் தலையணி: வில்லை உருக்குலைவும் காட்சித் தெளிவும்

மெய்நிகர் தலையணியில், கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் முன்னிருக்கும் சிறு திரையை வலுவான குவிவில்லை பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் நேர்கோடுகள் நடுவை நோக்கி உட்குழிந்து வளைகின்றன. 2013இல் உருவாக்குநர்களுக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் தலையணி, படத்தை முன்கூட்டியே பீப்பாய்போல் புடைக்கச் செய்து இதை ஈடுகட்டியது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி அளவில் வளைத்தால் நிறப்பிறழ்ச்சியும் குறையும். அப்படியானால் மென்பொருளே போதுமே என்று தோன்றலாம். போதாது. கண்மணி ஓரிடத்தில் நிற்பதாகக் கொண்டே வழக்கமான திருத்தம் கணக்கிடப்படுகிறது. விழி சுழன்றால் காட்சி நெளியும். வில்லை மங்கலாக்கிய நுணுக்கத்தையும் மென்பொருள் முழுதாக மீட்டுத் தராது.

திரைப்புள்ளிகளைக் கூட்டுவதும் அரைத் தீர்வே. 2016இல் வந்த ஹெச்டிசி வைவின் ஃபிரெனல் வில்லைகள் எடையைக் குறைத்தன. ஆனால் அவற்றின் வளையப் படிகள் ஒளியைச் சிதறடித்து, இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றிக் கீற்றுகளைப் பரப்பின. அங்கே புள்ளிகளைப் பெருக்கினாலும் கீற்றுகள் மறையா. மெட்டா குவெஸ்ட் 3 (2023), ஒளியை உள்ளேயே மடித்துச் செலுத்தும் பான்கேக் வில்லையால் ஏறத்தாழ ஓரம்வரை தெளிவைக் கொண்டுவந்தது. பாதி ஒளியை மட்டுமே விடும் ஆடியை இருமுறை சந்திப்பதால் கால்பங்குக்கு மேல் கண்ணை எட்டாது என்பது நியாயமான மறுப்பு. இருந்தும் அந்த இழப்பைப் பிரகாசமான திரையால் ஈடுசெய்யலாம். மங்கிய ஓரத்தை அப்படிச் சரிக்கட்ட வழியில்லை. கண்களின் இடைவெளிக்கேற்ப வில்லைகளை நகர்த்திப் பொருத்தாதவருக்கு இந்தத் தெளிவும் முழுதாகக் கிடைக்காது.