சகமாணவர் துன்புறுத்தலைத் தடுத்தல்: யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகள்

சகமாணவர் துன்புறுத்தல் என்பது, பலம் கூடிய ஒரு மாணவரோ கூட்டமோ எதிர்த்து நிற்க இயலாத இன்னொரு மாணவரை வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நோகச் செய்வதாகும். உடல் வலிமையோடு வயது, வகுப்பு, குடும்ப வசதி, சாதி, நண்பர் கூட்டம் ஆகியனவும் இங்கு பலமே. சமபலமுள்ள இருவர் மைதானத்தில் ஒருநாள் பிடிக்கும் சண்டை இதில் அடங்காது. யுனெஸ்கோ 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் ஒரு மாதத்துள் ஒருமுறையேனும் சகமாணவரின் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார்.

கிராமத்துச் சூழல்

கோப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவில், பருத்தித்துறை வீதியை ஒட்டி அமைந்த நீர்வேலி, வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அத்தியார் இந்துக் கல்லூரி இங்குள்ள பாடசாலைகளுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் ஒரு பிள்ளையின் வீட்டுக் கதை வகுப்பறைக்கு எளிதில் வந்துவிடும். தகப்பனின் தொழிலையோ குடும்பத்தின் வறுமையையோ சொல்லிப் பட்டம் தெளிப்பது பெரியவர்களுக்குப் பகிடியாகத் தெரியலாம். அதை நாள்தோறும் கேட்கும் பிள்ளைக்கு அது வதை. சைக்கிளின் காற்றைத் திறந்துவிடுதல், கொப்பியை ஒளித்துவைத்தல், விளையாட்டில் சேர்க்காது விடுதல், இடைவேளைக் காசைப் பறித்தல் என்பன ஏனைய வடிவங்கள். பாடசாலை விட்ட பின்னும் இது ஓய்வதில்லை. மாலையில் தனியார் கல்வி நிலையத்திலும், இரவில் வட்ஸ்அப் குழுவிலும் அதே முகங்களையே பிள்ளை மீண்டும் எதிர்கொள்கிறது.

காரணமில்லாத வயிற்றுவலி, பாடசாலைக்குப் போக மறுத்தல், கிழிந்த சட்டை, அடிக்கடி தொலையும் பேனை, திடீரென இறங்கும் புள்ளிகள் ஆகியவற்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

குடாநாட்டுப் பாடசாலைகளில் பிள்ளைகளை ஒதுக்கிவைத்தல் ஒரு காலத்தில் நடைமுறையாகவே இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தது. அத்தசாப்தத்தின் இறுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற பணிப்பு வந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. வாங்குகள் பின்னர் சமமாகின. ஆயினும் வீட்டில் கேட்ட இழிசொல்லைப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவரும்வரை அந்தப் பணி முற்றுப்பெறாது.

சட்டமும் சுற்றுநிருபமும்

1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், அதன்போது கடுங்காயமோ பாலியல் தொல்லையோ விளைவித்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது. அச்சட்டம் உயர்கல்வி, தொழிற்கல்வி நிறுவனங்களை மையமாகக் கொண்டது. சிறுவர் பாதுகாப்புக்கென அதே ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை நிறுவப்பட்டது. கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்கிறது. ஆகவே துன்புறுத்திய மாணவனைப் பிரம்பால் திருத்துவது தீர்வாகாது. பலமுள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தையே அது மீண்டும் புகட்டும்.

தடுப்பு முறைகள்

1982 இல் நோர்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதை அடுத்து, மறு ஆண்டு அந்நாடு தேசிய அளவில் தடுப்புப் பணியைத் தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வியஸின் திட்டம் அங்கே உருவானது. இடைவேளை மேற்பார்வை, வகுப்பு விதிகள், பெற்றோர் சந்திப்பு, சம்பந்தப்பட்ட மாணவருடன் தனித்தனியே பேசுதல் ஆகியன அதன் கூறுகள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா திட்டம் பார்த்துக்கொண்டு நிற்கும் மாணவரைக் குறிவைக்கிறது. சிரிப்பவர்கள் சிரிப்பதை நிறுத்தினால் துன்புறுத்துபவனுக்குக் கிடைக்கும் மதிப்பும் இல்லாது போகும் என்பதே அதன் அடிப்படை.

முறைப்பாட்டுக்குப் பின்னரான பாதுகாப்பு மிக முக்கியம். 2023 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டின் நாங்குநேரியில், சாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்தியதாக முறையிட்ட மாணவர் சகமாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் காயமடைந்தார். இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது.

எனவே வகுப்பாசிரியர் இருதரப்பையும் ஒன்றாக நிறுத்திக் கைகொடுக்கச் சொல்லி விடயத்தை முடிக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகக் கேட்டு, திகதியிட்டுப் பதிந்து, அதிபருக்கும் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியருக்கும் தெரிவித்து, அடுத்துவரும் வாரங்களிலும் விசாரிக்க வேண்டும். மாணவத் தலைவர்களின் அதிகாரத்துக்கும் எல்லை வகுக்க வேண்டும். ஆசிரியரிடம் உதவி கேட்பது கோள் சொல்வது ஆகாது என்பதைத் தரம் ஒன்றிலிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பாடசாலையில் தீர்வு கிடைக்காதபோது பெற்றோர் வலயக் கல்விப் பணிமனையை நாடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்குப் பிள்ளைகளே நேரடியாக அழைத்தும் முறையிடலாம்.