இளைக்க வைக்க வந்த புரதம்

அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அதன் கடலோரச் சிற்றூர் பார் ஹார்பரில், ஆய்வுக்கான எலிகளை வளர்க்கும் ஜாக்சன் ஆய்வகம் உண்டு. 1949 கோடையில் அங்கே விநோதமாகப் பருத்த சுண்டெலிகள் கண்ணில் பட்டன. சாதாரண எலியைவிட மூன்று மடங்கு எடை வரை போயின. தீனியை விட்டு நகரவே இல்லை. ஒரே ஒரு மரபணுவின் கோளாறு இது, தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்று அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. எலிக்கு ‘ஓபி’ என்று பெயர் வைத்தார்கள். லெப்டின் என்ற ஹார்மோனின் கதை, அதைச் சுரக்காத இந்த எலியிடம்தான் தொடங்குகிறது.

1966இல் அதே ஆய்வகத்தில் இன்னொரு குண்டு எலி வம்சம் கிடைத்தது. அதற்குக் கடுமையான நீரிழிவும் இருந்ததால் ‘டிபி’ என்றார்கள். இரண்டு எலிகளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் கோளாறு இருந்தது வேறு வேறு குரோமோசோமில். கனடாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் டக்ளஸ் கோல்மன் இதை அவிழ்க்க எடுத்த வழி, இன்று படித்தாலும் கொஞ்சம் வயிற்றைப் பிசைகிறது. இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதன் உடலிலும் ஓடும்படி செய்தார்.

டிபி எலியோடு நல்ல எலியைத் தைத்தபோது, நல்ல எலி தீனியைத் தொடாமல் பட்டினியாகவே செத்தது. டிபி எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓபி எலியை நல்ல எலியோடு தைத்தபோது ஓபி குறைவாகத் தின்றது, எடை ஏறுவதும் குறைந்தது. கடைசியாக இரண்டு குண்டு எலிகளையும் சேர்த்துத் தைத்தார். ஓபி பட்டினியில் மாண்டது; டிபி கொழுத்துக்கொண்டே போனது.

கோல்மன் கணக்குப் போட்டார். பசியை அடக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. ஓபிக்கு அதைச் சுரக்கத் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்தால் கட்டுப்படுகிறது. டிபியோ அதை வண்டி வண்டியாகச் சுரக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு. 1973க்குள் இவ்வளவும் தெரிந்துவிட்டது. நம்பத்தான் ஆளில்லை. குண்டாக இருப்பது நடத்தைக் கோளாறு, வாயைக் கட்டாததன் விளைவு என்று துறையில் பலர் உறுதியாக இருந்தார்கள். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டவும் கோல்மனால் முடியவில்லை. ஒரு பெயர்கூட இல்லாமல் அது மேலும் இருபது ஆண்டுகள் கிடந்தது.

அதைப் பிடித்தவர் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன். எலியின் ஆறாவது குரோமோசோமில் ஓபி மரபணு இருக்கும் இடத்தை அங்குலம் அங்குலமாக நெருக்கி வர எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1994 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. பல ஆண்டுகள் கூடவே உழைத்த ரூடால்ஃப் லைபலின் பெயர் அதில் இல்லை. அந்தக் கசப்பு இந்த வரலாற்றின் ஓரத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கிடைத்தது 167 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம்; அதுதான் லெப்டின். ஓபி எலியில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் புரதம் பாதியிலேயே அறுந்து போயிருந்தது. அதைவிடப் பெரிய வியப்பு, அது சுரந்த இடம்: கொழுப்புத் திசு. அதுவரை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று ஒதுக்கப்பட்ட கொழுப்பு, மூளைக்குத் தன் கையிருப்பைச் சொல்லி அனுப்பும் சுரப்பியாகிவிட்டது.

பிறகு நடந்தது சந்தை. லெப்டினின் உரிமத்துக்கு ஆம்ஜென் நிறுவனம் ராக்கஃபெல்லருக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. 1995 ஜூலையில், ஊசி போட்ட ஓபி எலிகள் இரண்டே வாரத்தில் உடல் எடையில் 30 சதவீதம் இழந்தன என்று செய்தி வந்ததும் உலகமே இளைக்கத் தயாரானது. டிபி எலிகளுக்கு அதே ஊசி போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வரியை அப்போது நின்று படித்தவர்கள் குறைவு.

அதே ஆண்டின் இறுதியில் மிலேனியம் நிறுவனத்தில் லூயிஸ் டார்டாலியாவின் குழு லெப்டின் வந்து பொருந்தும் ஏற்பியைக் கண்டுபிடித்தது. ஒரே மரபணுவிலிருந்து நீளமும் குட்டையுமாகப் பல ஏற்பிகள் உருவாகின்றன. செல்லுக்குள் செய்தியை முழுதாகக் கடத்துவது நீண்ட வால் கொண்ட வடிவம்தான். அது மூளையின் ஹைப்போதலாமஸில் நிறைய இருக்கிறது. அங்கே பசியைத் தூண்டும் நரம்பு செல்களும் பசியை அடக்கும் நரம்பு செல்களும் அருகருகே வாழ்கின்றன. லெப்டின் முன்னதை அமர்த்தி, பின்னதை எழுப்புகிறது. டிபி எலியில் அந்த நீண்ட வால்தான் இல்லை என்று 1996இல் தெரிந்தபோது, கோல்மனின் பழைய கணக்கு அட்சரம் பிசகாமல் நேரானது.

மருந்துக் கனவு உடைந்ததும் அதே 1996இல்தான். பருத்த மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தால் லெப்டின் குறைவாக இல்லை, ஏகமாக இருந்தது. ஏற்பி மரபணுவும் அநேகமாக எல்லோருக்கும் சரியாகவே இருந்தது. ஆனாலும் மூளை கேட்கவில்லை. இதற்கு லெப்டின் எதிர்ப்பு என்று பெயர் வைத்தார்கள். முழு விளக்கம் இன்னும் வரவில்லை. 1999இல் வெளியான சோதனையில், ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் கொஞ்சம் இளைத்தார்கள், பலர் இளைக்கவில்லை. 2 கோடி டாலர் மருந்து ஓரங்கட்டப்பட்டது.

ஆனால் ஓபி எலியைப் போன்ற மனிதர்களும் இருந்தார்கள். 1997இல் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் ஓ’ராஹிலியும் சதாஃப் ஃபரூக்கியும் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளைக் கண்டார்கள். பெண்ணுக்கு எட்டு வயதில் 86 கிலோ. அவள் உறவுக்காரப் பையனுக்கு இரண்டு வயதில் 29 கிலோ. இருவர் ரத்தத்திலும் லெப்டின் இல்லாததற்குச் சமம். அந்தப் பெண்ணுக்கு ஊசி தொடங்கியபோது 94.4 கிலோ. ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது. இதே குறையுள்ள இன்னொரு சிறுவன் ஒருவேளையில் உண்ட அளவு 84 சதவீதம் சரிந்தது. குழந்தையின் தட்டைப் பார்த்து அம்மாவைத் திட்டுகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய எண் இது.

என்னைக் கேட்டால், லெப்டினைச் சரியாகப் படித்தது ஜெஃப்ரி ஃபிளையரின் ஹார்வர்டு குழுதான். 1996இலேயே அவர்கள் எலிகளை 48 மணி நேரம் பட்டினி போட்டார்கள். லெப்டின் சடாரென்று வீழ்ந்தது. தைராய்டும் இனப்பெருக்க ஹார்மோன்களும் கூடவே அடங்கின. பட்டினியிலேயே லெப்டின் ஊசி போட்டபோது அந்த வீழ்ச்சி பெருமளவு தடைபட்டது. அதாவது ‘போதும்’ என்று சொல்வதைவிட, பஞ்சம் வந்துவிட்டதை அறிவிப்பதே இந்த ஹார்மோனின் முதல் வேலை. அது ஏறும்போது மூளை அசட்டையாக இருக்கிறது, இறங்கும்போது அலறுகிறது. டயட் இருந்து இளைத்தவருக்கு ஏன் மாதக்கணக்கில் பசி விடுவதில்லை, ஏன் உடல் சிக்கனத்துக்கு மாறுகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அப்படி இளைத்தவர்களுக்குச் சிறிய அளவு லெப்டின் கொடுத்தால் அந்தச் சிக்கனம் விலகுவதை 2005இல் காட்டிய குழுவில் லைபல் இருந்தார். மிதமிஞ்சிய உடற்பயிற்சியால் மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கும் லெப்டின் உதவியது.

பஞ்சச் செய்தி என்று புரிந்த பிறகுதான் ஊசிக்குத் தகுந்த நோயாளிகள் கிடைத்தார்கள்: கொழுப்புத் திசுவே இல்லாத லிப்போடிஸ்ட்ரோஃபி நோயாளிகள். பார்க்க ஒடிசல், பசியோ அடங்காது. சேர இடமில்லாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்ந்து நீரிழிவைக் கொண்டுவரும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய ஒன்பது பேருக்கு நான்கு மாதம் லெப்டின் கொடுத்ததில், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 60 சதவீதம் குறைந்ததாக 2002இல் முடிவு வந்தது. 2014 பிப்ரவரியில் மெட்ரெலெப்டின் என்ற பெயரில் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. பருத்தவர்களுக்காக வாங்கிய மருந்து கொழுப்பற்றவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கோல்மன் காலமானார்.

டிபி எலியைப் போல ஏற்பியே பழுதான மனிதர்கள் 1998இல் பிரான்சில் முதலில் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களுக்கு எவ்வளவு லெப்டின் கொடுத்தும் பயனில்லை. 2020 நவம்பரில் அனுமதி பெற்ற செட்மெலனோடைட் என்ற மருந்து ஏற்பியைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கு அடுத்த கட்டத்தில் உள்ள நரம்பு வாசலை நேரடியாகத் தூண்டுகிறது. சோதனையில் ஏற்பிக் குறையுள்ள 11 பேரில் 5 பேர் ஓராண்டில் 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைந்தார்கள்.