அமெரிக்காவின் இணைய வரைபடமும் அதில் இடம்பெறாத வீடுகளும்

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், கனேடிய எல்லையை ஒட்டி ஃபெரி என்றொரு மாவட்டம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த, சனத்தொகை மிகக் குறைந்த பிரதேசம். அந்நாட்டின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் கணக்கின்படி அம்மாவட்ட மக்களில் 100 வீதமானோருக்கும் அதிவேக இணைய வசதி கிடைக்கக்கூடியதாக இருந்தது. 2018 டிசம்பரில் மைக்ரோசொஃப்ட் கம்பனி தன்னிடமிருந்த தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து பார்த்தது. அங்கு அந்த வேகத்தில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 2 வீதத்தினர் மாத்திரமே என்று அது அறிவித்தது. வசதி கிடைப்பது வேறு, அதைப் பயன்படுத்துவது வேறு என்பது உண்மைதான். மாதக் கட்டணம் செலுத்த இயலாதவர்களும் இருக்கக்கூடும். ஆனால் 100 எங்கே, 2 எங்கே!

இதை வெறும் புள்ளிவிபரத் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. இணையக் கட்டமைப்புக்கென அமெரிக்க அரசாங்கம் ஒதுக்கிய பல்லாயிரம் கோடி டொலர்கள் எந்தக் கிராமத்துக்குப் போகவேண்டும், எந்தக் கிராமத்துக்குப் போகக்கூடாது என்பதைத் தீர்மானித்தது இந்தக் கணக்கேயாகும். வரைபடத்தில் வசதி உண்டு என்று நிறம் தீட்டப்பட்ட இடத்துக்கு அரசாங்கப் பணம் போகாது.

கிராமங்களுக்கு அரசாங்க உதவியுடன் கம்பி இழுக்கும் பழக்கம் அமெரிக்காவுக்குப் புதியதன்று. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் காலத்தில், 1936 இல், கிராமிய மின்மயமாக்கல் சட்டம் வந்தது. 1949 இல் அதே சட்டம் தொலைபேசிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மின்சாரத்தைப் பொறுத்தவரை எந்த வீட்டுக்கு இணைப்பு இல்லை என்பதை அறிய வீதியில் நடந்து போனாலே போதும். இணையத்தின் நிலை அப்படியல்ல. வீட்டு வாசலில் கம்பி தொங்கலாம். அதில் எந்த வேகத்தில் என்ன வருகிறது, வருமா வராதா என்பதெல்லாம் கம்பனிக்கு மாத்திரமே தெரியும். ஆகவே அரசாங்கம் கம்பனியிடமே கேட்டது. பிற்காலத்துக் குழப்பங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2000 ஆம் ஆண்டில் தொடர்பாடல் ஆணைக்குழு 477 ஆம் இலக்கப் படிவத்தை அறிமுகப்படுத்தியது. கம்பனிகள் தங்களுக்குச் சந்தாதாரர்கள் உள்ள அஞ்சல் குறியீடுகளை அதில் எழுதிக் கொடுத்தன. ஓர் அஞ்சல் குறியீட்டுப் பிரதேசத்தில் ஒரேயொரு சந்தாதாரர் இருந்தாலும் அங்கு சேவை உண்டு என்று கொள்ளப்பட்டது. செக்கனுக்கு 200 கிலோபிட் வேகமே அன்று அதிவேகம். எந்தக் கம்பனி எங்கே சேவை வழங்குகிறது என்பது பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. அது வர்த்தக இரகசியமாம். புலனாய்வு ஊடக அமைப்பான பொது நேர்மைக்கான மையம் அந்தத் தரவுகளைக் கோரி 2006 இல் நீதிமன்றம் சென்றது. 2007 இல் தீர்ப்பு ஆணைக்குழுவுக்குச் சாதகமாகவே அமைந்தது. பொதுப்பணத்தின் பாதையைத் தீர்மானிக்கும் தகவலைப் பொதுமக்கள் பார்க்கக்கூடாது என்ற இந்த நிலைப்பாடு, பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கு இன்றும் ஜீரணிக்க இயலாத ஒன்று.

பொருளாதார நெருக்கடியின் மத்தியில் 2009 பெப்ரவரி 17 ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா மீட்சிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதில் இணைய விரிவாக்கத்துக்கு 720 கோடி டொலர் ஒதுக்கப்பட்டிருந்தது. வரைபடம் தயாரிப்பதற்கு அதிலிருந்து 35 கோடி டொலர் வரை செலவிடலாம் என்றும் கூறப்பட்டிருந்தது. ஆனால் சட்டத்தின் காலக்கெடுக்களைக் கவனியுங்கள். மானியங்கள் அனைத்தும் 2010 செப்டெம்பர் 30 ஆம் திகதிக்குள் வழங்கி முடிக்கப்படவேண்டும். தேசிய வரைபடமோ 2011 பெப்ரவரிக்குள் வெளிவந்தால் போதும். அவ்வாறே வரைபடம் 2011 பெப்ரவரி 17 ஆம் திகதி வெளியானது. பணத்துக்கு வழிகாட்டவேண்டிய வரைபடம், பணம் பங்கிட்டு முடிந்து நாலரை மாதங்களின் பின்னர் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு அலகு சிறிதாக்கப்பட்டது. அஞ்சல் குறியீட்டுக்குப் பதிலாகக் குடிசன மதிப்பீட்டுத் தொகுதி வந்தது. 2010 குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதிலும் சுமார் 1 கோடி 10 இலட்சம் தொகுதிகள். நகரத்தில் ஒரு தொகுதி என்பது நான்கு வீதிகளுக்கு இடைப்பட்ட துண்டு நிலம். நாட்டுப்புறத்தில் அது பல சதுர மைல்கள்; அலாஸ்காவில் ஆயிரக்கணக்கான சதுர மைல்கள் கொண்ட தொகுதியும் உண்டு. விதி மாத்திரம் பெரிதாக மாறவில்லை. தொகுதியில் ஓரிடத்துக்குச் சேவை இருந்தால், அல்லது வழக்கமான கால அவகாசத்தில் வழங்க இயலும் என்று கம்பனி சொன்னால், தொகுதி முழுவதும் சேவை பெற்றதாகவே கணிக்கப்பட்டது. பண்ணையின் வாசலில் ஒரு வீட்டுக்கு இணைப்பு இருக்கும்; மூன்று மைல் தள்ளியிருக்கும் குடும்பமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பத்திரிகைகளின் விளம்பரப் பகுதியினர் சுவரில் மாட்டிவைக்கும் விநியோக வரைபடங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஒரு கடைக்கு ஐந்து பிரதிகள் போனாலும் அந்த மாவட்டம் முழுவதும் சிவப்பு! விளம்பரதாரர்களுக்குக் காட்டுவதற்கு அது போதும். அதை வைத்துக்கொண்டு எவரும் அரசாங்க நிதியைப் பங்கிடுவதில்லை.

2019 பெப்ரவரியில் இந்த முறையின் இலட்சணம் சந்திக்கு வந்தது. அதிவேக இணையம் கிடைக்காத அமெரிக்கர்களின் தொகை ஒரே ஆண்டில் 2 கோடி 61 இலட்சத்திலிருந்து 1 கோடி 94 இலட்சமாகக் குறைந்துவிட்டது என்று ஆணைக்குழுவின் தலைவர் அஜித் பை பெருமையுடன் அறிவித்தார். ஃப்ரீ பிரஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு தரவுகளைக் கிளறிப் பார்த்தது. பேரியர்ஃப்ரீ என்னும் சிறிய கம்பனி ஒன்று, எட்டு மாநிலங்களின் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் தனது சேவை உண்டு என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. அம்மாநிலங்களின் சனத்தொகை சுமார் 6 கோடி 20 இலட்சம்; அமெரிக்க மக்களில் ஐந்தில் ஒரு பங்கு! ஆணைக்குழுவில் எவரும் இதைக் கவனிக்கவில்லை. பின்னர் தொகை 2 கோடி 13 இலட்சம் என்று திருத்தப்பட்டது. ஒரே படிவத்திலிருந்த ஒரு பிழை சுமார் 19 இலட்சம் மனிதர்களைக் கணக்கிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

கைத்தொலைபேசி வரைபடத்தின் கதையும் இதுவே. கிராமப்புற அலைவரிசை விரிவாக்கத்துக்கெனப் பத்தாண்டுகளில் 453 கோடி டொலர் வழங்கும் திட்டமொன்று இருந்தது. கம்பனிகள் கொடுத்த வரைபடம் பொய் என்று காட்ட விரும்பிய வெர்மான்ட் மாநில நிர்வாகம், ஊழியர் ஒருவரை 2018 இல் காரில் அனுப்பியது. ஆறு கைத்தொலைபேசிகளுடன் அவர் சுமார் 6000 மைல் ஓடி அளந்தார். பின்னர் ஆணைக்குழுவின் அலுவலர்களும் பல மாநிலங்களில் ஏறக்குறைய 10,000 மைல் ஓடிப் பார்த்தனர். வரைபடம் வாக்களித்த குறைந்தபட்ச வேகம் அவர்களது பரிசோதனைகளில் 62.3 வீதமானவற்றிலேயே கிடைத்தது. 2019 டிசம்பரில் அறிக்கை வெளிவந்தது, திட்டம் கைவிடப்பட்டது. கம்பனிகளுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

பிழை எதிர்த் திசையிலும் நடந்தது. 2020 டிசம்பரில் கிராமிய இணைய நிதியின் ஏலம் முடிந்து 920 கோடி டொலர் பங்கிடப்பட்டது. சேவையற்றவை என்று ஏலத்தில் விடப்பட்ட இடங்களில் வாகனத் தரிப்பிடங்களும் சர்வதேச விமான நிலையங்களும் இருந்தமை பிறகுதான் தெரியவந்தது. அவற்றைக் கைவிடுமாறு 2021 ஜூலையில் கம்பனிகளுக்கு ஆணைக்குழு கடிதம் அனுப்பியது.

இதற்கிடையில் 2020 மார்ச்சில் காங்கிரஸ் புதிய வரைபடச் சட்டமொன்றை நிறைவேற்றியது. தொகுதிக் கணக்கு ஒழிந்து, இனிமேல் வீடு வீடாகக் கணக்கெடுக்கவேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் அதற்கான நிதி ஒதுக்கப்பட்டது அவ்வாண்டின் இறுதியிலேயாகும். அதற்குள் கொவிட் வந்து பாடசாலைகளை மூடிவிட்டது. கலிஃபோர்னியாவின் சலினாஸ் நகரில் உணவகமொன்றின் வெளியே தரையில் அமர்ந்து, அங்கிருந்து கசிந்த இணைய இணைப்பில் பாடம் படித்த இரண்டு சிறுமிகளின் படம் உலகெங்கும் பரவியது. சலினாஸ் ஒரு நகரம். அங்கே இணையக் கம்பிகள் இல்லாமலில்லை. எவ்வளவு துல்லியமான வரைபடமும் அந்தக் குழந்தைகளைக் காட்டியிருக்காது.

வீடு வீடாகக் கணக்கெடுக்கும் புதிய வரைபடம் 2022 நவம்பர் 18 ஆம் திகதி வெளியானது. கொஸ்ட்குவெஸ்ட் என்ற தனியார் கம்பனி, காணிப் பதிவுகளையும் வான்வழிப் படங்களையும் கொண்டு 11 கோடிக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் குறித்துக் கொடுத்தது. அதற்கு ஆணைக்குழு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெறுமதி 4 கோடி 49 இலட்சம் டொலர். அதே தரவைப் பயன்படுத்துவதற்கு வர்த்தகத் திணைக்களத்தின் தொலைத்தொடர்பு நிர்வாகம் அதே கம்பனிக்கு மேலும் 4 கோடி 99 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. ஓர் அரசாங்கம் ஒரே பட்டியலுக்கு இரு தடவை விலை கொடுத்த விந்தை இது.

ஆயினும் புதிய வரைபடத்தில் ஒரு நன்மை இருந்தது. தன் வீடு விடுபட்டிருந்தாலோ, இல்லாத சேவை இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தாலோ, எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்கு முதலில் இணையத்தில் புகுந்து வரைபடத்தைத் திறக்கவேண்டும் என்பதை என்னவென்று சொல்ல! இருந்தும் மாநில அரசாங்கங்களும் பழங்குடி நிர்வாகங்களும் முனைந்து நின்றன. 2023 மே மாத இறுதியில் திருத்திய வரைபடம் வந்தபோது, முன்னர் இல்லாதிருந்த சுமார் 30 இலட்சம் இடங்கள் சேர்க்கப்பட்டு, தவறாகக் குறிக்கப்பட்ட 19 இலட்சம் வரையானவை நீக்கப்பட்டிருந்தன. சேவையற்ற வீடுகளும் வர்த்தக நிலையங்களும் 83 இலட்சத்துக்கு மேல் என்றது அந்த வரைபடம்.

அந்த எண்ணிக்கையை வைத்தே 2023 ஜூன் 26 ஆம் திகதி 4245 கோடி டொலர் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டது. டெக்சாஸுக்கு 330 கோடிக்கு மேல். பத்தொன்பது மாநிலங்களுக்குத் தலா 100 கோடிக்கு மேல். கணக்கில் ஒரு வீடு கூடினால் அந்த மாநிலத்துக்குப் பணம் கூடும் என்பதால், ஆட்சேபங்களைத் திரட்டச் சில மாநிலங்கள் தேர்தல் பிரசாரம் போலவே வேலை செய்தன. ஆளணியும் நிபுணத்துவமும் உள்ள மாநிலங்களுக்கு அது இலகு. ஏனையவற்றுக்கு?

2025 ஜூனில் வர்த்தகத் திணைக்களம் இத்திட்டத்தின் விதிகளை மாற்றியது. அதுவரையில் இந்த நிதியைக் கொண்டு ஒரு வீட்டுக்கேனும் இணைப்பு வழங்கப்பட்டிருக்கவில்லை. ஒளியிழைக்கு அளிக்கப்பட்டிருந்த முன்னுரிமை நீக்கப்பட்டது. 2023 இன் பங்கீட்டில் நம்பகமான சேவையாகக் கொள்ளப்படாத செய்மதி இணையமும் இப்போது சமமாகப் போட்டியிடலாம் என்றாகியது. மாநிலங்கள் மீண்டும் விலைமனுக் கோரவேண்டியதாயிற்று. செய்மதிக்குக் கம்பம் தேவையில்லை, கம்பி தேவையில்லை. வானம் தெரிந்தால் போதும் என்கிறார்கள். அவர்களுடைய வரைபடத்தில் ஃபெரி மாவட்டம் மறுபடியும் 100 வீதம்தான்.